திண்ணைப் பள்ளியும் நினைவாற்றலும்

நினைவாற்றலைப் பற்றி நம்மவர் பேசும்போது இரண்டு குரல்களைக் கேட்கிறோம். ஒரு சாரார் முன்னோரின் நினைவாற்றலை வானளாவப் புகழ்வர். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு நேற்றுப் படித்தது இன்று நெஞ்சில் நிற்பதில்லை என்று குறைபட்டுக்கொள்வர். மற்றொரு சாரார் மனப்பாடம் என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே முகஞ்சுளித்து, அது கிளிப்பிள்ளைக் கல்வி என்று ஒதுக்கிவிடுவர். இவ்விரு சாராரும் எந்தக் கல்வி முறையைக் குறித்து வழக்காடுகின்றனரோ, அந்த முறையை அருகில் சென்று பார்த்தவர் அல்லர் என்பது என் கருத்து. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் நினைவை எவ்வாறு பழக்கினர், அப்பழக்கத்தில் எது பயனுடையது, எது வீண் என்பதை, பின்வந்த உளநூலார் கண்ட உண்மைகளோடு வைத்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

திண்ணைப் பள்ளி என்பது பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு திண்ணை, சில பிள்ளைகள், இவ்வளவே. அச்சிட்ட புத்தகம் அங்கே இல்லை. தொடக்கத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். கை பழகிய பின் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். ஓலையில் ஒரு பாடத்தைக் கீறி எடுப்பது காகிதத்தில் எழுதுவது போன்று எளிதான செயல் அன்று. ஆதலால் ஓலைச்சுவடி மிகச் சிலவே இருக்கும். பாடத்தின் இருப்பிடம் பிள்ளையின் நாவும் நெஞ்சுமே. ஆசிரியர் சொல்ல, சட்டாம்பிள்ளை அதைத் திரும்பச் சொல்ல, மற்றவர் எல்லாரும் சேர்ந்து உரத்த குரலில் முறை சொல்லுவர். விடியற்காலையிலேயே தெருவில் அந்த ஒலி எழும்.

இந்த முறையின் ஒரு பகுதி கடல் கடந்தும் சென்றது. ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் 1789-ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை மேற்பார்த்து வந்தார். இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலும் வழக்கத்தைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவனைக் கொண்டே இளையவர்க்குக் கற்பித்தார். 1797-இல் அவர் இதைப் பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட, அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. மணலும் சட்டாம்பிள்ளையும் அங்கே சென்று சேர்ந்தன. ஆனால் திண்ணையில் நினைவைப் பழக்கிய நுட்பம் அவ்வாறு சென்றதாகத் தெரியவில்லை. அந்நுட்பமே நம் பொருள்.

முதலில் எண்சுவடியை எடுத்துக்கொள்வோம். இக்காலத்துப் பிள்ளைக்கு வாய்பாடு என்றால் இரண்டாம் வாய்பாடு, மூன்றாம் வாய்பாடு என்று முழு எண்களின் பெருக்கமே. திண்ணைப் பள்ளிப் பிள்ளையோ கீழ்வாயிலக்கம் என்னும் பின்னங்களையும் தலைகீழ்ப் பாடமாக அறிந்திருந்தான். ஒன்றை முந்நூற்றிருபது கூறு செய்தால் ஒரு கூறு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. அதாவது எண்பதில் ஒன்று. நான்கு காணி ஒரு மா. அதாவது இருபதில் ஒன்று. பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்றும் மாகாணி என்றும் பெயர். இந்த மாகாணி என்ற சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள்: ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது. இருபதில் ஒன்றோடு எண்பதில் ஒன்றைக் கூட்டினால் எண்பதில் ஐந்து. அஃது பதினாறில் ஒன்றே அன்றோ! கணக்கின் விடையைக் கணக்கின் பெயரிலேயே பொதிந்து வைத்துவிட்டனர். ஐந்தில் ஒன்றுக்கு நாலுமா என்று பெயர். பெயரை நினைவு கூர்ந்தவன் கணக்கையும் நினைவு கூர்ந்தான்.

பொன்னிலக்கம் பணக்கணக்கிற்கு உதவியது. நெல்லிலக்கம் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று அளவுகளை ஏறு வரிசையில் அடுக்கிற்று. குழிமாத்து நிலம் அளக்கும் கணக்கு. இவற்றை ஓதிய பிள்ளை மாலையில் வீடு திரும்பினால், களத்து மேட்டில் தந்தையும் மரக்காலும் நெற்குவியலும் அவனுக்கு முன்னே இருக்கும். பாடம் திண்ணையோடு முடியவில்லை. இதைப் பின்னர் மீண்டும் எடுப்பேன்.

இப்படி ஓயாமல் ஓதியதனால் அப்பிள்ளைகளின் நினைவாற்றல் பொதுவாகவே வலுப்பெற்றதா? தோள் தண்டாலால் வலுப்பெறுவது போல நினைவும் பயிற்சியால் வலுப்பெறும் என்றே பலரும் நம்புகின்றனர். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இதைத் தம்மையே கருவியாக்கிச் சோதித்தார். பிரெஞ்சுக் கவி விக்டர் ஹியூகோவின் ஒரு பாடலில் 158 அடிகளை மனப்பாடம் செய்ய அவருக்கு ஏறக்குறைய 132 நிமிடங்கள் ஆயின. பின்னர் நாள்தோறும் இருபது நிமிடத்திற்குச் சற்று மேலாக ஒதுக்கி, 38 நாட்களில் மில்டனின் பெருங்காவியத்து முதற் காண்டம் முழுவதையும் நெட்டுருச் செய்தார். அதன் பின் ஹியூகோவின் அதே பாடலில் அடுத்த 158 அடிகளை எடுத்துக்கொண்டார். பயிற்சி பெற்ற நினைவு விரைந்து கற்க வேண்டும் அன்றோ? ஆனதோ 151½ நிமிடங்கள்! வேறு வேலைகளால் களைத்திருந்ததாக அவரே கூறுகிறார். களைப்பை ஒதுக்கிவிட்டாலும், மில்டனை ஓதியது ஹியூகோவை ஓதுதற்குத் துணை செய்யவில்லை என்பது தெளிவு. 1890-இல் வெளிவந்த அவருடைய உளநூலில் இச்செய்தி உள்ளது. ஆகவே நினைவு என்பது தசைநார் அன்று. எதைப் பழகினோமோ அது நிற்கும். பழகாதது அப்பழக்கத்தால் நில்லாது. 'நினைவாற்றல் பெருகும்' என்று பொட்டலத்தில் அச்சிட்டு விற்கப்படும் பொடிகளையும் பானங்களையும் தேர்வுக் காலத்தில் வாங்கிக் குவிக்கும் பெற்றோர், இந்த 158 அடிகளைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

வலிமை பெருகவில்லை எனின், திண்ணைப் பள்ளி சாதித்தது என்ன? அதற்கு ஜெர்மனி நாட்டு ஹெர்மன் எபிங்ஹவுஸிடம் செல்ல வேண்டும். பொருளற்ற ஓரசைச் சொற்கள் ஏறக்குறைய 2,300-ஐத் தாமே ஆக்கி, அவற்றை வரிசை வரிசையாகத் தாமே நெட்டுருச் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்தது என்று ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்தவர் அவர். வேறு எவரும் இத்தகைய சலிப்பூட்டும் வேலைக்கு உடன்பட்டிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. 1885-இல் வெளியான அவருடைய சிறு நூல் மறதிக்கு ஒரு வடிவம் உண்டு என்று காட்டிற்று. மீண்டும் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். கற்ற இருபதாவது நிமிடத்தில் மிச்சம் நூற்றுக்கு 58. ஒரு மணியில் 44. ஒரு நாளில் 34. முப்பத்தொரு நாட்களுக்குப் பின்பும் 21. முதலில் பள்ளத்தில் பாயும் நீர் போல் விரைந்து போய்விடுகிறது. பின்னர்ச் சமவெளி ஆறு போல மெல்ல நகர்கிறது.

அந்நூலில் வேறொரு கணக்கும் உண்டு. என் நோக்கில் அதுவே பெரிது. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை ஓதியதனால் மறுநாள் கிடைத்த பயன், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை ஓதியதனாலேயே கிடைத்துவிட்டது. இடைவெளி விட்டு ஓதினால் ஏறத்தாழப் பாதி உழைப்பே போதுமானதாயிற்று. திண்ணைப் பள்ளியில் ஒரே எண்சுவடியை அன்றாடம் காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் முறை சொல்லினர். எந்த ஆசிரியரும் எபிங்ஹவுஸைப் படித்தவர் அல்லர். ஓலைச்சுவடி அருமையாக இருந்த காரணத்தால் அந்த ஒழுங்கு தானே அமைந்தது.

இனி, மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். 1855-இல் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் காலத்துப் பள்ளிகளைப் பற்றி எழுதியவற்றில் இதைக் குறித்திருக்கிறார். மாலையில் பள்ளி கலையும் நேரத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ, ஒரு விலங்கின் பெயரோ, ஓர் ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாட் காலையில் பிள்ளை அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். நினைவாற்றலை வளர்ப்பதற்கென்றே ஏற்பட்ட வழக்கம் இது.

ஒரே ஒரு சொல்தானே என்று நாம் நகைக்கலாம். ஆனால் அதனுள் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, மாலைக்கும் காலைக்கும் நடுவே உறக்கம் இருக்கிறது. 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், கற்றபின் உறங்கியவரும் கற்றபின் விழித்திருந்தவரும் எவ்வளவு மறக்கின்றனர் என்று ஒப்பிட்டனர். உறங்கியவர் குறைவாகவே மறந்தனர். உறக்கத்தில் மூளை அன்றைய நினைவுகளை உறுதிப்படுத்துகிறது என்பது அதன் பின் நிகழ்ந்த பற்பல ஆய்வுகளால் வலுப்பெற்றிருக்கிறது. இரண்டாவது, பிள்ளை அச்சொல்லை மறுபடியும் பார்ப்பதில்லை. தன் நெஞ்சிலிருந்து தானே வெளியே எடுக்கிறான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவரிடம் இதைச் சோதித்தனர். ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தனர். மற்றவர் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்க்கு நூற்றுக்கு 83 பங்கு நினைவிருந்தது, எழுதியவர்க்கு 71. ஒரு வாரங் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழாயிற்று: படித்தவர்க்கு 40, எழுதியவர்க்கு 61. விந்தை என்னவெனில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர் படித்துக்கொண்டே இருந்த சாராரே. தேர்வுக்கு முதல் நாள் இரவில் விளக்கருகே புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படித்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணிக் கண் விழித்துக் கிடக்கும் மாணவனுடைய நிலையும் இதுவே. அவன் இடைவெளியையும் இழக்கிறான், உறக்கத்தையும் இழக்கிறான், புத்தகத்தை மூடிவிட்டுத் தனக்குத் தானே சொல்லிப் பார்க்கும் வாய்ப்பையும் இழக்கிறான்.

இலக்கியப் பாடத்திற்கு வருவோம். எபிங்ஹவுஸ் ஆங்கிலக் கவி பைரனின் செய்யுளையும் நெட்டுருச் செய்து பார்த்தார். எண்பது அசை கொண்ட ஒரு செய்யுளுக்கு ஒன்பது முறை ஓதுதலே போதியதாயிருந்தது. அதே அளவுள்ள பொருளற்ற அசைகளுக்கு ஏறக்குறைய எழுபது, எண்பது முறை வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டார். பொருளும் ஓசையும் சேர்ந்தால் உழைப்பு பத்தில் ஒரு பங்காகிறது. நம் முன்னோர் அகராதியையே செய்யுளாக்கியதன் காரணம் இப்போது விளங்கும். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் ஆனது. ஓரடியின் முதற்சொல் தெரிந்தால் அடுத்த அடியின் முதற்சொல்லை எதுகை இழுத்து வரும். அடிக்குள்ளே மோனை வழிகாட்டும். சொல் மறந்தாலும் அச்சொல் எந்த ஓசையில் இருக்க வேண்டும் என்பது மறவாது.

அந்தாதி இதனினும் நுட்பமானது. ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாவதால், பாட்டின் வரிசை குலைய வழியில்லை. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1,102 பாசுரங்களும் இவ்வாறு ஒரே சங்கிலியாகப் பிணைக்கப்பட்டுள்ளன. போதாததற்கு, ஒவ்வொரு பதிகத்தின் இறுதிப் பாசுரமும் ஆயிரத்துள் இது ஒரு பத்து என்ற எண்ணிக்கையைச் சொல்லி முடிகிறது. ஓதுபவன் ஒன்றை விட்டுவிட்டால் சங்கிலியும் அறும், கணக்கும் தட்டும். பக்தியின் பெருமையை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் கொள்ள வேண்டா. பக்தி பாடிற்று, பாடியது தொலைந்துபோகாமல் யாப்பு காத்தது.

இக்கலையின் உச்சியில் நின்றவர் அவதானிகள். எட்டுச் செயல்களில் ஒரே நேரத்தில் கருத்துச் செலுத்துவோர் அட்டாவதானி. நூறு செயல்களில் செலுத்துவோர் சதாவதானி. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார். ஒருவர் முதுகின்மேல் சிறு கற்களை எறிவார், அவற்றை எண்ண வேண்டும். எங்கோ மணி அடிக்கும், அதையும் எண்ண வேண்டும். அவதானத்தின் இயல்பு இது. இறுதியில் எல்லாவற்றுக்கும் விடை சொல்லி முடிக்க வேண்டும். பாவலர் 1950-இல் மறைந்தார்.

நூறு பொருள்களில் ஒருங்கே மனம் செல்ல முடியுமா? 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளநூலார், மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய கூறுகள் ஏழு, அதற்கு இரண்டொன்று கூடுதல் குறைவு என்று காட்டினார். பின்வந்தோர் நான்கே என்றும் சொல்கின்றனர். ஆயினும் ஒவ்வொரு கூறும் எவ்வளவு பெரியது என்பது நம் பழக்கத்தைப் பொறுத்தது. 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. இயல்பான நினைவுடைய ஒரு கல்லூரி மாணவன் இருபது மாதங்களில் ஏறக்குறைய 230 மணி நேரம் பயின்று, ஒரு முறை கேட்ட அளவில் 79 இலக்கங்களை வரிசை பிறழாமல் திரும்பச் சொன்னான். தொடங்கியபோது அவனால் ஏழு இலக்கங்களே சொல்ல முடிந்தது. அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். கேட்ட இலக்கங்களை ஓட்ட நேரங்களாகத் தொகுத்துக்கொண்டான். இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துக்களைச் சொன்னார்கள்; ஆறு எழுத்துக்களோடு நின்றுவிட்டான்! ஜேம்ஸ் கண்ட உண்மை இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. அவதானியின் நெஞ்சிலும் வெண்பாவின் வாய்பாடு, எதுகைத் திரட்டு, புராணச் செய்தி எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஓதிப் படிந்து கிடந்தன. கேட்ட கேள்வி அந்தப் படிவில் போய் ஒட்டிக்கொண்டது. வெறுங்கையோடு எவரும் அவதானியாக மேடை ஏறியதில்லை.

மேலை நாட்டார் இதே காரியத்திற்கு இடத்தைத் துணைகொண்டனர். கிரேக்கப் புலவர் சிமோனிடிஸ் ஒரு விருந்து மண்டபத்தினின்று வெளியே வந்த அளவில் கூரை இடிந்து வீழ்ந்ததாகவும், அடையாளம் காண முடியாதவாறு நசுங்கியவர்களை, யார் யார் எங்கெங்கே அமர்ந்திருந்தனர் என்று எண்ணிப் பார்த்து அவர் இனங்காட்டியதாகவும் சிசரோ சொல்கிறார். அறிந்த வீட்டின் அறைகளில் நினைக்க வேண்டிய பொருள்களை மனத்தால் வைத்துக்கொண்டு, பின் அவ்வழியே நடந்து எடுத்துக்கொள்வதே அம்முறை. இருபதாம் நூற்றாண்டில் ருஷ்யாவில் வாழ்ந்த ஷெரெஷெவ்ஸ்கி என்பவர் இதையே இயற்கையாகச் செய்தார். அலெக்சாந்தர் லூரியா என்னும் அறிஞர் அவரைப் பல்லாண்டு ஆராய்ந்து 1968-இல் நூல் வெளியிட்டார். ஒரு முறை அவர் 'முட்டை' என்ற சொல்லைச் சொல்லாது விட்டார். மறந்து அன்று, வெள்ளைச் சுவரின் முன் முட்டையை வைத்துவிட்டதால், நடந்து செல்லும்போது அது கண்ணுக்குப் படவில்லையாம்! அத்தகையவருக்கு மறப்பதே பெரும்பாடாயிற்று. வேண்டாதவற்றைத் தாளில் எழுதிக் கொளுத்திப் பார்த்தார். கரியில் எண்கள் தெரிந்தன. மனிதரின் முகங்கள் ஓயாது மாறுவதால் முகங்களை நினைவில் கொள்வதும் அவருக்குக் கடினமாயிருந்தது. மறதியை வசை பாடுவோர் அவருடைய வரலாற்றைப் படிக்க வேண்டும்.

திண்ணைப் பள்ளியைப் போற்றியே சொல்லிவிட்டேன். அதன் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. பிரம்பு அங்கே பாடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பிள்ளையைத் தொங்கவிட்டும் வெயிலில் நிறுத்தியும் தண்டித்த செய்திகள் உண்டு. அச்சத்தில் சொல்ல வேண்டியதும் மறந்துபோகும் என்பதைத் தேர்வு எழுதிய எவரும் அறிவர். பொருள் விளங்காமலே ஓதப்பட்ட பாட்டும் மிகுதி. பெண்மக்களில் மிகச் சிலரே அத்திண்ணையில் அமர்ந்தனர். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவரின் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் அந்தத் தெருவே அடைபட்டிருந்தது. வயலில் நெல்லை அளந்து குவித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு நெல்லிலக்கம் மறுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் இம்முறையின் வரலாற்றைச் சொல்வது நேர்மை ஆகாது.

பின்னர் வந்த பள்ளிகள் கதவைத் திறந்தன, அது பெரும்பேறு. அப்போது பிரம்போடு சேர்த்து, மாலையில் சொன்ன பூப்பெயரையும் வெளியே எறிந்துவிட்டனரே என்பதுதான் என் குறை. நெட்டுருவோ ஒழியவில்லை. விடை நூல்களை வைத்துக்கொண்டு ஓரிரவில் செய்யும் நெட்டுருவாக அது உருமாறிற்று. சிறிது ஓதி, விட்டு, உறங்கி, மறுநாள் பாராமற் சொல்லும் ஒழுங்கு மட்டும் போய்விட்டது. அதை மீட்பதற்குப் பிரம்பும் வேண்டா, பொருட்செலவும் வேண்டா. வகுப்பு தொடங்கும்போது, நேற்றைய பாடத்தில் இரண்டு கேள்வி, சென்ற வாரத்துப் பாடத்தில் ஒரு கேள்வி, புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு மதிப்பெண் இடாமல் கேட்டால், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எண்சுவடி என்னவாயிற்று என்று சொல்ல முன்னர் வாக்களித்தேன். ஓலை போய் அச்சுப் புத்தகம் வந்த பின்னரும் அது பிழைத்தே இருந்தது. கடைவீதியில் ரூபாய், அணா, பைசா கணக்கும், அதில் வீசமும் அரைக்காலும் வழங்கிய வரையில் முதியோர் நாவில் அது உயிரோடிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு நயாபைசா என்ற தசம நாணயம் வந்தது. தொடர்ந்து கிலோகிராமும் லிட்டரும் வந்தன. படியும் மரக்காலும் சந்தையை விட்டு அகன்றன. கணக்கு எளிதாயிற்று, ஐயமில்லை. ஆனால் சந்தையில் பயனில்லாதது வீட்டிலும் ஒலிக்கவில்லை. ஒலிக்காதது ஒரு தலைமுறைக்குள் நாவை விட்டே போயிற்று. எந்த அரசும் அதைத் தடை செய்யவில்லை. முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 2019-இல் உலகக் கணினி எழுத்துத் தொகுப்பாகிய யூனிகோடில் தனி இடம் அளிக்கப்பட்டது. குறிகள் ஐம்பத்தொன்று அதில் சேர்ந்தன. மாகாணியை மாகாணியால் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லும் குரலைத் தேடிச் செல்வோர்க்குத்தான் இப்போது ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது.